ஐபிசெட் எழுதிய ஹங்கேரியர்: இதற்குப் பெயர் பணிவாழ்க்கையா?

வாசகர் கேள்வி — 4 மார்ச் 2024

நெட்வொர்க் துறையில் ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கணக்காக இருப்பவர் தேங்கிப்போனவர் என்பது என் எண்ணம். லினக்ஸ் ஃபயர்வாலுக்கு (நெட்வொர்க்கில் வேண்டாதவற்றைத் தடுக்கும் நிரல்) முகவரிகளைத் தொகுப்பாக வைத்துக்கொடுக்கும் ஐபிசெட் என்ற நிரலின் கையேட்டைப் படித்தபோது, எழுதியவர் யோஜெஃப் கட்லெச்சிக் என்று கண்டேன். தேடிப் பார்த்ததில், புடாபெஸ்டில் ஓர் இயற்பியல் ஆய்வு மையத்தில் பணிபுரிபவர் என்று தெரிந்தது. இவ்வளவு திறமை உள்ளவர், இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஹங்கேரியர் ஆண்ட்ரூ குரோவைப் போல அமெரிக்காவுக்குப் போயிருக்கலாம். சொந்த நிறுவனமாவது தொடங்கியிருக்கலாம். இதை ஒரு நல்ல பணிவாழ்க்கை என்று சொல்ல முடியுமா?

4 மார்ச் 2024, இரவு

குரோவை முதலில் ஒதுக்கிவிடுவோம். அவர் பதவி தேடி நாட்டை விட்டுப் போகவில்லை. 1956 எழுச்சியைச் சோவியத் படைகள் நசுக்கியபோது எல்லை தாண்டி ஓடியவர். அவரை முன்மாதிரியாகக் காட்டி, ஊரில் இருந்தவரைக் குறை சொல்வது பொருந்தாது.

அடுத்து, தேங்குவது பற்றி. ஒருவர் எத்தனை முறை வேலை மாறினார் என்பதைக் கொண்டு அதை முடிவு செய்ய இயலாது. அவர் செய்த வேலையின் தேதிகளைப் பார்க்கவேண்டும். கட்லெச்சிக்கின் விஷயத்தில் அது எளிது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலில் பல கோப்புகளின் தலையில் எழுதியவர் பெயரும் ஆண்டும் இருக்கும். டிசிபி (தரவு விடுபடாமல் வரிசையாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் இணைய நெறிமுறை) இணைப்புகளைப் பின்தொடரும் கோப்பில் அவர் பெயருக்கு நேரே 2002 முதல் 2013 வரை என்று இருக்கிறது. "ரா" என்ற ஃபயர்வால் விதி அட்டவணையை உண்டாக்கும் சின்னஞ்சிறு கோப்பில் 2003 என்று இருக்கிறது. ஐபிசெட்டின் பணியும் அதே 2003-இல்தான் தொடங்குகிறது. இந்த மூன்றும் இல்லாத லினக்ஸ் சர்வரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

5 மார்ச் 2024

நேற்று எழுதியது பெயர்ப்பட்டியலாக நின்றுவிட்டது. அவற்றில் எது பெரிய வேலை என்று கேட்டால், கேள்வி கேட்டவர் ஐபிசெட் என்பார். நான் டிசிபி கோப்பைச் சொல்வேன்.

கெர்னலுக்குள் இருக்கும் ஃபயர்வால் பகுதியான நெட்ஃபில்டரை ரஸ்டி ரஸ்ஸல் 1998-இல் தொடங்கினார். அதன் இதயம் கான்ட்ராக் எனப்படும் பகுதி: எந்த முகவரி எந்த முகவரியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று கெர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கும். தொடக்கத்தில் அந்தக் கணக்கு டிசிபி பாக்கெட்டின் (அனுப்பப்படும் தரவின் ஒரு துண்டு) கொடிகளை, அதாவது தொடங்கு, முடி என்பன போன்ற அடையாளங்களை மட்டுமே பார்த்தது. முகவரிகளும் போர்ட் எண்களும் பொருந்தினால் போதும், நடுவில் எவர் புகுத்திய பாக்கெட்டும் "ஏற்கெனவே உள்ள இணைப்பைச் சேர்ந்தது" என்று உள்ளே போய்விடும். ஒவ்வொரு பாக்கெட்டின் சீக்வென்ஸ் எண்ணும் (தரவு வரிசையில் அதன் இடம்) ஒப்புகை எண்ணும் (எதுவரை வந்து சேர்ந்தது என்பது) அந்த நேரத்தில் இருக்கத்தக்க எல்லைகளுக்குள் உள்ளனவா என்று பார்க்கும் விண்டோ சோதனை முறையை, ஐபிஃபில்டர் என்ற வேறொரு ஃபயர்வாலுக்காக நெதர்லாந்தின் கிடோ வான் ரோய் எழுதியிருந்தார். கட்லெச்சிக் அதை எடுத்துக்கொண்டு லினக்ஸுக்கு ஏற்றபடி எழுதினார். யாருடையது என்று கோப்பின் குறிப்பிலேயே சொல்லிவிட்டார்.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஓர் அட்டவணை நினைவிருக்கும். ஒரு திசைக்கு ஒன்றாக இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றிலும் சின் (தொடங்கு), சின்-ஆக் (தொடக்கத்துக்கு ஒப்புதல்), ஃபின் (முடி), ஆக் (ஒப்புகை), ரீசெட் (இணைப்பை அறு), கொடியே இல்லாதது என ஆறு வரிசைகள். குறுக்கே இணைப்பின் நிலைகள். கட்டங்களுக்குள் மூன்று மூன்று எழுத்துச் சுருக்கங்கள். இந்த நிலையில் இது வந்தால் அடுத்து எந்த நிலை என்பதற்கான விடை அந்தக் கட்டத்தில் இருக்கும். பெரும்பாலான வரிசைகளுக்குக் கீழே, ஏன் அப்படி என்று ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார். நான் இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்த காலத்தில் அதை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். டிசிபியைப் பாடநூலில் படித்தபோது விளங்காத பகுதி அந்தக் கட்டங்களில் விளங்கியது.

இந்த வேலை ஆண்டுக்கணக்கில் பேட்ச்சாக வெளியில் கிடந்து, 2004 அக்டோபரில் வெளியான 2.6.9 கெர்னலில்தான் உள்ளே சேர்ந்தது.

5 மார்ச் 2024, சற்றுப் பிறகு

2003-இல் நெட்ஃபில்டர் உருவாக்குநர்களின் கூடுகை புடாபெஸ்டில் நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் உலகத்தைத் தேடிப் போகவில்லை என்று வருந்துகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

9 மார்ச் 2024

"அந்த விண்டோ சோதனையால் எங்களுக்குத் தலைவலிதான் வந்தது" என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். உண்மைதான், எனக்கும் வந்தது.

நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில் இரண்டு இணைய இணைப்புகள், இரண்டு ஃபயர்வால்கள். போகும் பாக்கெட் ஒன்றின் வழியாகவும் திரும்பும் பாக்கெட் மற்றொன்றின் வழியாகவும் வருவது அங்கே வழக்கம். பெரிய கோப்பை இறக்கினால் பாதியில் நின்றுவிடும். சிறிய பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கும். எல்லோரும் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். உரையாடலில் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்கும் ஃபயர்வாலால் எல்லைகளைச் சரியாகக் கணக்கிட முடியாது. கொஞ்ச நேரத்தில் நல்ல பாக்கெட்டையே "செல்லாது" என்று முத்திரை குத்திவிடும். எங்கள் விதிகளோ செல்லாதவற்றைத் தூக்கி எறியும்படி எழுதப்பட்டிருந்தன.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோ அளவை (ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய தரவின் அளவு) எத்தனை மடங்காகப் பெருக்கிப் படிக்கவேண்டும் என்ற தகவல் இணைப்பின் முதல் இரண்டு பாக்கெட்டுகளில் மட்டுமே வரும். ஃபயர்வாலை மறுபடி தொடங்கினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புக்கு அந்தத் தகவல் கிடைக்காது. அதனால் நடுவிலிருந்து பிடித்த இணைப்புகளிடம் கறாராக இருக்காதே என்று நிரலே தளர்த்திக்கொள்கிறது. அதையும் மீறித் தளர்த்த வேண்டுமானால் "பீ லிபரல்" என்ற அமைப்பு இருக்கிறது. அதை 1 என்று வைத்தால், எல்லைக்கு வெளியே வரும் ரீசெட் பாக்கெட்டுகள் மட்டுமே செல்லாதவை ஆகும். எங்கள் அலுவலகத்தில் அன்று 1 என்று வைத்தார்கள், பிறகு எவரும் அதைத் தொடவில்லை. பாதைகளைச் சரிசெய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து, கேட்பார் இல்லை.

நான் சொல்ல வருவது: கறாரான சோதனையை எழுதியவரே, எந்தெந்த இடங்களில் அது தவறாகப் பிடிக்கும் என்றும் யோசித்து, அதற்கு வழி விட்டிருக்கிறார். சொந்தமாக ஒரு நெட்வொர்க்கை நடத்திப் பழகியவருக்கே அந்த யோசனை எளிதில் வரும்.

10 மார்ச் 2024

மேலே சொன்னதற்கு ஒரு பின்னிணைப்பு, ஏனெனில் பல கணினிகளில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸைப் பயன்படுத்துவோர் இந்த இழையைப் படிக்கிறார்கள். காரணமே இல்லாமல் இணைப்புகள் எப்போதாவது அறுந்து விழும் சிக்கல் ஒன்று அங்கே வெகுகாலம் இருந்தது. பாட் (அங்கே நிரல் ஓடும் அலகு) ஒன்று, பல பாட்களுக்குப் பொதுவான சேவை முகவரியை அழைக்கும்; கெர்னல் அதை உண்மையான சர்வர் பாடின் முகவரியாக மாற்றி அனுப்பும்; பதில் வரும்போது திரும்ப மாற்றிக் கொடுக்கும். பதில் பாக்கெட் எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கான்ட்ராக் கருதிவிட்டால், முகவரியைத் திரும்ப மாற்றாமல் அப்படியே விட்டுவிடும். அழைத்த பாடுக்கு அந்த முகவரி அந்நியமானது. "உன்னோடு நான் பேசவே இல்லையே" என்று ரீசெட் அனுப்பும். அதோடு நல்ல இணைப்பும் செத்துப்போகும். 1.15 பதிப்பில், செல்லாத பாக்கெட்டுகளைக் கைவிடும் விதி ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். கைவிட்டால் சர்வர் மறுபடி அனுப்பும், இணைப்பு பிழைத்துக்கொள்ளும். அதாவது, ஏற்றுக்கொண்டதும் இல்லாமல் தடுத்ததும் இல்லாமல் நடுவில் விட்டதுதான் கேடு. கான்ட்ராக் முத்திரை மட்டும்தான் குத்தும், அதை வைத்து என்ன செய்வது என்பது விதி எழுதுபவரின் பொறுப்பு என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தார்கள்.

16 மார்ச் 2024

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "அரசுச் சம்பளம் இருந்தால் எவரும் இப்படி எழுதலாம்" என்கிறார்.

எவரும் எழுதவில்லையே! ஆனாலும் அவர் பேச்சில் பாதி சரி. அந்தப் பாதியை நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம். இத்தகைய வேலைக்கு ஒரு நிழல் வேண்டும். கட்லெச்சிக்கின் நிழல் கேஎஃப்கேஐ. புடாபெஸ்டின் மேற்குக் குன்றுகளில், சிலேபேர்ட்ஸ் என்ற இடத்தில், 1950-இல் தொடங்கிய மத்திய இயற்பியல் ஆய்வு நிறுவனம் அது. மேற்கு நாடுகளின் ஏற்றுமதித் தடையால் நல்ல கணினிகளை வாங்க முடியாத காலத்தில், அமெரிக்காவின் பிடிபி-8 கணினியோடு ஒத்துப்போகும் டிபிஏ கணினியை 1968-இல் தாங்களே கட்டிக்கொண்டவர்கள். 1986-இல் ஹங்கேரி தன் ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியபோதும் தடை நீங்கவில்லை. அந்த நாட்டுப் பொறியாளர்கள் தங்களுக்கு வேண்டிய மின்னஞ்சல் முறையைக்கூடத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். கடையில் கிடைக்காததைக் கையால் செய்துகொள்ளும் பழக்கம் அங்கே ஒரு தலைமுறைக்கு இருந்திருக்கிறது.

கேஎஃப்கேஐயின் இரண்டு ஆய்வு மையங்கள் 2012-இல் இணைந்து விக்னர் இயற்பியல் ஆய்வு மையம் ஆயின. 2013 முதல் 2019 வரை ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் தரவு மையத்துக்கு நீட்சியாக அங்கே ஒரு மையம் இயங்கியது. ஜெனீவாவுக்கும் புடாபெஸ்டுக்கும் இடையே நொடிக்கு 100 கிகாபிட் வேகத்தில் இரண்டு தடங்கள் இருந்தன. எனவே "ஏதோ ஓர் ஆய்வு மையம்" என்று நினைத்துவிட வேண்டாம். நெட்வொர்க் பொறியாளர் ஒருவருக்குப் பார்க்கவும் கற்கவும் அங்கே நிறைய இருந்திருக்கும்.

நெட்ஃபில்டர் அஞ்சல் குழுவின் பழைய மடல்களைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். கட்லெச்சிக்கின் கையொப்பத்தில் நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கிறது; அஞ்சல் பெட்டி எண் மாறவில்லை.

16 மார்ச் 2024, இரவு

நகைச்சுவைக்காக ஒன்று. நெட்மீட்டிங் என்ற பழைய மைக்ரோசாஃப்ட் நிரல் காலத்து எச்.323 (இணையவழிப் பேச்சு, காணொளிக்கான நெறிமுறை) அழைப்புகளை ஃபயர்வால் வழியாகக் கடத்த அவர் ஓர் உதவி நிரல் எழுதினார். அந்த நெறிமுறையின் செய்திகளை முறைப்படி பிரித்துப் படிப்பது பெரும்பாடு. இவரோ பாக்கெட்டுக்குள் முகவரி போலத் தோன்றும் பைட்டுகளைத் தேடிப்பிடித்து வேலையை முடித்தார். முடித்துவிட்டு, கோப்பின் தலையில் அதை "ப்ரூட் ஃபோர்ஸ்" என்றே குறித்துவைத்தார். 2006-இல் வேறொருவர் முறைப்படி எழுதிய நிரல் கெர்னலுக்குள் வந்தது, இது ஒதுங்கிக்கொண்டது. முரட்டுத்தனமான வேலையை முரட்டுத்தனம் என்று எழுதிவைக்கும் பொறியாளர்களை எனக்குப் பிடிக்கும். "தற்காலிகம்" என்று எழுதாமல் பத்தாண்டுகள் ஓட்டும் நம் வழக்கத்தை விட அது மேல்.

23 மார்ச் 2024

இப்போது ஐபிசெட். லினக்ஸில் ஃபயர்வால் விதிகளை எழுதும் கருவியான ஐபிடேபிள்ஸில் விதிகள் வரிசையாக நிற்கும். பாக்கெட் ஒவ்வொன்றும் பொருந்தும் விதி கிடைக்கும்வரை மேலிருந்து கீழாக அவற்றைக் கடக்கும். ஆயிரக்கணக்கான முகவரிகளைத் தடுக்க ஆயிரக்கணக்கான விதிகளை எழுதினால், எந்தக் குற்றமும் செய்யாத பாக்கெட்டும் அத்தனையையும் கடந்துதான் போகவேண்டும். செகெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவரோடு சேர்ந்து கட்லெச்சிக் இதை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். விதிகள் கூடக்கூட ஐபிடேபிள்ஸின் வேகம் சரிவதும், ஐபிசெட்டில் சரியாமல் நிற்பதும் அதன் வரைபடங்களில் தெரியும். முகவரிகளை ஒரு தொகுப்பில் போட்டு, "இந்தத் தொகுப்பில் இருக்கிறதா" என்று ஒரே விதியில் கேட்பதுதான் மொத்த யுக்தி.

யோசனை முழுவதும் அவருடையது அல்ல. ஐபிபூல் என்ற முந்தைய நிரலிலிருந்து வளர்ந்தது என்று கையேட்டிலேயே மூவர் பெயரைச் சொல்கிறார். கையேட்டின் இறுதியில் "கடைசிக் குறிப்பு" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே, தான் பெரியவர்களின் தோள்மேல் நிற்பதாக ஒரே ஒரு வரி. கேள்வி கேட்டவர் அந்தக் கையேட்டில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார். இன்னும் இரண்டு வரி கீழே போயிருக்கலாம்.

ஐபிசெட் 2011 மே மாதத்தின் 2.6.39 கெர்னலில்தான் உள்ளே சேர்ந்தது. அதுவரை கெர்னலை மேம்படுத்தும்போதெல்லாம் நாங்களே அதைத் தனியாகக் கம்பைல் செய்து பூட்டவேண்டும். அது தவறினால் தடைப்பட்டியல் ஏறாது. ஃபயர்வால் மட்டும் எல்லாம் சரியாக இருப்பது போலக் காட்சி தரும். கெர்னல் மேம்பாடு என்றாலே இரவு வீட்டுக்குப் போகும் நேரம் சொல்ல முடியாது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்த காலம் அது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது "ஸ்வாப்" கட்டளை. புதிய பட்டியலை வேறு பெயரில் நிதானமாக நிரப்பி, முடிந்ததும் இரண்டின் பெயரையும் ஒரே அடியில் மாற்றிவிடலாம். பழைய பட்டியல் காலியாகிப் புதியது நிரம்பும் இடைவெளி என்று ஒன்று இல்லை. கல்லூரியில் இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. இரவில் பட்டியல் புதுப்பிக்கும் வேலையை ஒருமுறை பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும்.

31 மார்ச் 2024

"நிறுவனம் தொடங்கியிருக்கலாம்" என்ற பகுதிக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அதே ஹங்கேரியில், அந்த வழியில் போனவரும் இருக்கிறார்: பாலாஜ் ஷைட்லர். 1998-இல், கணினி நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் சிஸ்லாக்-என்ஜி என்ற பதிவேட்டு நிரலைத் தொடங்கினார். 2000-இல் பலாபிட் என்ற நிறுவனத்தை இணைந்து நிறுவினார். சோர்ப் என்ற ஃபயர்வாலும் அங்கிருந்து வந்தது. ப்ராக்சி (இணைப்பை வாங்கிக் கைமாற்றும் நிரல்) இடையில் இருப்பதையே எதிர்முனை அறியாதபடி செய்யும் டிப்ராக்சி, அவர்கள் நெடுநாள் வெளியில் வைத்துப் பராமரித்து, திருத்தி எழுதி, 2008-இன் 2.6.28 கெர்னலில் சேர்த்த வேலை. 2018-இல் பலாபிட்டை ஒன் ஐடென்டிட்டி வாங்கிக்கொண்டது. அவர் பின்னர் ஆக்சோஃப்ளோ என்ற இன்னொரு நிறுவனத்தை இணைந்து தொடங்கியிருக்கிறார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நிறுவனம் தொடங்கியவர் பலருக்கு வேலை கொடுத்தார், வாடிக்கையாளரின் தேவைக்கேற்ப நிரலை வளர்த்தார், விற்பனைப் பதிப்பு ஒன்றையும் திறந்த பதிப்பு ஒன்றையும் சேர்த்து இழுத்தார். கட்லெச்சிக்குக்கு விற்பனைப் பதிப்பு இல்லை. எனவே எதைத் திறந்துவைப்பது, எதை மூடிவைப்பது என்ற வழக்கும் இல்லை. எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் இரண்டு பேருடைய நிரலையும் தினமும் ஓட்டுகிறேன். ஆனால் முதல் கேள்வி "போகாதவர் தேங்கிவிட்டார்" என்பதுதான். அதற்கு ஷைட்லரின் வெற்றி சான்று ஆகாது. அவரும் புடாபெஸ்டில் இருந்துதானே செய்தார்.

7 ஏப்ரல் 2024

"என்எஃப்டேபிள்ஸ் வந்தபின் ஐபிசெட் பழங்கதை ஆகிவிட்டதே, அப்படியென்றால் அவர் வாழ்நாள் வேலை வீண்தானே?" என்று கேட்கிறார்கள்.

ஐபிடேபிள்ஸுக்கு மாற்றான என்எஃப்டேபிள்ஸ் 2014 ஜனவரியில் 3.13 கெர்னலோடு வந்தது. தொகுப்புகள் அதற்குள்ளேயே இருப்பதால், தனி ஐபிசெட் தேவையில்லை என்பது சரி. புதிதாக அமைப்பவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 5 மார்ச் குறிப்பில் டிசிபி கோப்பைத்தான் பெரிய வேலை என்றேன். அதன் காரணம் இங்கே வருகிறது. விதிமொழி ஐபிடேபிள்ஸாக இருந்தாலும் என்எஃப்டேபிள்ஸாக இருந்தாலும் அடியில் ஓடுவது அதே கான்ட்ராக், அதே ஆறு வரிசை அட்டவணை. பலர் அறிந்த நிரலுக்கு மாற்று வந்துவிட்டது, எவரும் அறியாத கோப்பு நிற்கிறது.

ஐபிசெட்டையும் அவர் போட்டுவிட்டுப் போகவில்லை. 2020 தொடக்கத்தில், தானியங்கிச் சோதனைக் கருவி ஒன்று பெரிய தொகுப்புகளில் கெர்னல் உறைந்து நிற்பதைக் கண்டுபிடித்தது. காலாவதியான முகவரிகளைக் கூட்டிப் பெருக்கும் பகுதி, முழுத் தொகுப்பையும் ஒரே பூட்டில் வைத்துக்கொண்டு நெடுநேரம் வேலை செய்ததுதான் காரணம். தொகுப்பைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு பூட்டு என்று அவரே மாற்றி எழுதினார். முதன்முதல் எழுதி ஏறத்தாழ 17 ஆண்டுகள் கழித்து, மாற்று நிரல் வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, இந்தத் திருத்தம். இதற்காகப் பதவி உயர்வு கொடுக்கும் நிறுவனத்தை நான் பார்த்ததில்லை.

8 ஏப்ரல் 2024

பதவி உயர்வு பற்றிய கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மூவர் எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். இல்லை, நான் தற்போது பணிபுரியும் இடத்தைச் சொல்லவில்லை.

14 ஏப்ரல் 2024

கேள்வி கேட்டவர், "தேங்கிப்போனவர்" என்ற சொல்லை விலக்கிக்கொள்வதாகவும், ஆனாலும் தன் மகனுக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறார். நியாயமான நிலைப்பாடு. நிழல் தரும் நிறுவனம் கிடைத்தால்தான் இந்த வழி. அது கிடைக்காதவரிடம் போய் "கட்லெச்சிக்கைப் பார்" என்று சொல்வதில் பொருளில்லை.

கூடவே ஓர் உதவியும் கேட்டிருந்தார்: அவருடைய தடைப்பட்டியலில் புதிய முகவரி சேர்த்தால், தொகுப்பு நிறைந்துவிட்டது என்று பிழை வருகிறதாம். உருவாக்கும்போது "மேக்ஸ்எலெம்" குறிப்பிடாவிட்டால் உச்சவரம்பு 65536 தான். இருக்கும் தொகுப்பை அழிக்க வேண்டாம். விதி அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அழிக்கவும் விடாது. அதே வகைத் தொகுப்பாக, பெரிய மேக்ஸ்எலெம் கொடுத்து வேறு பெயரில் ஒன்றை உருவாக்குங்கள். பட்டியலை அதில் ஏற்றுங்கள், ஸ்வாப் செய்யுங்கள், பிறகு பழையதை நீக்குங்கள். முடிந்ததும் சேமித்துவைக்கும் ஸ்கிரிப்டிலும் அந்த எண்ணை மாற்றிவிடுங்கள்; இல்லையென்றால் அடுத்த ரீபூட்டில் மறுபடியும் 65536 தான்.